இடித்தவர் யார்? — சோழநாட்டில் ஒரு குடும்ப யாத்திரை

தஞ்சாவூர்க்காரர்களாகிய எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால் பெரிய கோயிலுக்கு அழைத்துச் செல்வோம். ராஜராஜன் 1010ஆம் வருஷத்தில் எடுத்து முடித்த விமானத்தை அண்ணாந்து பார்க்கச் செய்வோம். அரண்மனையையும் சரஸ்வதி மஹாலையும் காட்டுவோம். பிறகு, ‘எங்கள் ஊர் எப்படி?’ என்று கேட்டு மகிழ்வோம். எங்கள் வாசலிலிருந்து ஐம்பது அறுபது மைலுக்குள் மண்ணிலும் மணலிலும் கிடப்பவற்றை நாங்களே பார்த்திருக்கிறோமா என்று யாரேனும் கேட்டால் பதில் சொல்ல இயலாது. இந்த வெட்கம் பொறுக்காமல், காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் வாடகைக்கு ஒரு மோட்டார் அமர்த்திக்கொண்டு, என் தாயார், மனைவி, மகன், மகள் ஆகியோருடன் மூன்று நாள் சோழநாட்டைச் சுற்றி வந்தேன்.

புரட்டாசி மாதம். குறுவை அறுவடையான நெல்லைச் சாலையின் ஒரு பக்கம் முழுவதும் உலர்த்தியிருந்தார்கள். மறுபக்கத்தால் வண்டிகள் ஒதுங்கிச் சென்றன. வயல்களில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. சாலையை யாருக்காகப் போட்டார்கள் என்பதில் எங்கள் வண்டியோட்டிக்கு ஒரு கருத்தும், நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த மாதர்களுக்கு வேறொரு கருத்தும் இருந்தன. அந்த வாக்குவாதத்தில் நான் தலையிடவில்லை.

தாராசுரத்துக் கோயிலைப் பார்த்துவிட்டுப் பட்டீசுவரம் வழியாகப் பழையாறைப் பக்கம் சென்றோம். சோழர்களுக்கு இரண்டாந் தலைநகரம் போல் விளங்கிய இடம் அது. இன்று அங்கே காண்பவை வயல்களும் வாழைத் தோட்டங்களும் சில கோயில்களுமே. ஆனால் ஊர்களின் பெயர்களைக் கேளுங்கள்: சோழன்மாளிகை, ஆரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர்! மாளிகை போய்விட்டது, படை போய்விட்டது. பெயர்கள் மட்டும் தபால் முகவரிகளில் இருக்கின்றன. என் மகளுக்கு ஒன்பது வயது. அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, “அப்பா, சாமி வீடெல்லாம் இருக்கிறதே, ராஜா வீடு மட்டும் எங்கே?” என்று கேட்டாள்.

கேள்வி சிறிது, விடை சிறிதன்று. நான் உடனே சொன்ன விடை, புஸ்தகங்களில் எல்லாரும் படித்திருப்பதுதான். சோழ மன்னர்கள் தெய்வத்துக்குக் கருங்கல்லில் வீடு கட்டினார்கள். தங்களுக்குச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக்கொண்டார்கள். ஆகையால் முன்னது நின்றது, பின்னது போயிற்று என்றேன். மகனுக்கு இது போதவில்லை. அவன் பன்னிரண்டு வயதுக்காரன். எதையும் அட்டவணையாக எழுதினால்தான் அவனுக்கு நம்பிக்கை. நோட்டுப் புஸ்தகத்தில் கோடு போட்டு, ஒரு பக்கம் ‘கட்டியவர்’ என்றும், மறுபக்கம் ‘இடித்தவர்’ என்றும் எழுதிக்கொண்டு, “தானாக விழுந்ததா, யாராவது இடித்தார்களா?” என்றான்.

இடித்தார்கள், ஐயா, இடித்தார்கள். முதலில் இடித்தவரும் தமிழரே. 1216இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன், தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினதாகவும், மாட மாளிகைகளையும் மண்டபங்களையும் இடித்ததாகவும், அவ்விடத்தில் கழுதை பூட்டி ஏர் உழுததாகவும் தன் மெய்க்கீர்த்தியிலேயே பெருமை பேசிக்கொள்கிறான். இப்படிப்பட்டவனே ஒன்றை மட்டும் இடிக்காமல் விட்டான். பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் பரிசாக அளித்த பதினாறு கால் மண்டபத்தை அவன் தொடவில்லை என்று திருவெள்ளறைக் கல்வெட்டு சொல்கிறது. அரசனுடைய வீட்டை இடித்த கை, புலவனுடைய மண்டபத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. அந்த மண்டபமும் இன்று இல்லை என்பது வேறு விஷயம்.

அன்று மாலை கும்பகோணத்தில் தங்கி, மறுநாள் விடியற்காலையில் வடக்கே புறப்பட்டோம். கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை நிற்கும் அணைக்கரையில் வண்டியை நிறுத்தினோம். என் தாயார் ஆற்றைக் கும்பிட்டார். அவருக்கு இது பிறந்தகத்துச் சாலை. இங்கே தேங்கும் தண்ணீர் வடவாற்றின் வழியாக வீராணத்துக்குப் போகிறது. அங்கிருந்து பாசனத்துக்கும், 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைப் பட்டணத்தாரின் தாகத்துக்கும் போகிறது. 1836இல் ஆர்தர் காட்டன் என்ற இஞ்சினீர் மேலணையையும் கீழணையையும் கட்டி முடித்தார் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிவார்கள். கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையைப் பார்த்து, மணலில் அணை நிறுத்தும் சூக்ஷ்மத்தை அவர் கற்றுக்கொண்டதையும் அறிவார்கள். அந்த அணைக்குக் கல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பலர் அறியார்.

காவிரிக் கழிமுகத்தில் கல் கிடையாது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலே இந்தப் பூமி. எவ்வளவு ஆழம் தோண்டினாலும் களியும் மணலுமே வரும். பெரிய கோயிலுக்கு வேண்டிய கருங்கல் அத்தனையும் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து இழுத்துவரப்பட்டது. ஆகையால் இந்த நாட்டில் ஒருமுறை வந்து சேர்ந்த கல்லின் மேல் எல்லாருக்கும் கண். ஒருவன் கட்டியது அடுத்தவனுக்குக் கல்குவாரி. கம்பெனியாருக்கு அணை கட்டக் கல் வேண்டியிருந்தபோது, சிறிது தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரம் நின்றது. அந்தக் கோயிலின் மதிலையும், சிற்பங்களோடு கூடிய வேலைப்பாடுகளையும் பெயர்த்துக் கொண்டுபோய் அணையில் வைத்தார்கள்.

இதில் நான் படித்தவற்றுள் என் மனத்தை மிகவும் வாட்டியது, 1855இல் இங்கிலீஷில் வெளிவந்த ஒரு குறிப்பு. அதை எழுதியவர் சொல்கிறார்: அவ்வூர் ஏழை ஜனங்கள், தாங்கள் வணங்கும் கோயிலை இடிக்கக் கூடாதென்று தங்களால் இயன்ற மட்டும் தடுத்தார்கள், பலிக்கவில்லை, சர்க்காரை அவமதித்தார்கள் என்று அவர்களுக்குத் தண்டனையே கிடைத்தது. கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வாக்கு நிறைவேறவில்லை.

நேயர்களே, ராஜேந்திரன் கங்கைவரை படை அனுப்பியதையும், கடாரம் கொண்டதையும் மேடைதோறும் கேட்கிறோம். கோயில் கல்லின் முன்னால் நின்று கம்பெனியின் சேவகர்களைத் தடுத்த அந்தக் குடியானவர்கள் யார்? அவர்களுடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. 1857க்கும் முன்னால், 1885இல் காங்கிரஸ் பிறப்பதற்கு ஐம்பது வருஷம் முன்னால், துப்பாக்கியும் தலைவனும் இல்லாமல் ஒரு கிராமத்தார் ‘இது உங்களுடையதன்று’ என்று சொல்லியிருக்கிறார்கள். நம் சரித்திரப் புஸ்தகங்கள் இதற்கு ஒரு வரி கொடுக்கலாம்.

அதற்காக அணையைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. கல் போன இடம் வீணான இடமன்று. அதனால் விளைந்த சோற்றை நானும் உண்டிருக்கிறேன், என் தாயார் அதனாலேயே வளர்ந்தவர். ஆனால் கேளாமல் எடுத்ததும், தடுத்தவரைத் தண்டித்ததும், கொடுத்த வாக்கை மறந்ததும் அணைக்கு அவசியமானவை அல்லவே! மகன், ‘இடித்தவர்’ பக்கத்தில் கம்பெனி என்று எழுதிவிட்டு, “அப்பா, இதற்கு மூன்றாவதாக ஒரு பத்தி வேண்டும்” என்றான். ‘எதற்காக’ என்று தலைப்பிட்டு, ‘தண்ணீர்’ என்று எழுதினான்.

கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் தஞ்சைக் கோயிலினும் சற்றே குட்டை. ஆயினும் அதன் வளைவில் ஒரு நளினம் உண்டு. தஞ்சையும் தாராசுரமும் இதுவும் சேர்ந்து, 1987இலும் 2004இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. பச்சைப் புல்தரை, கம்பிவேலி, காவலாள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் நான் மறக்க முடியாதது இரண்டு மைலுக்குள் இருக்கும் மாளிகைமேடு. மகளின் கேள்விக்கு விடை அங்கேதான் கிடந்தது.

ஏறக்குறைய இருநூற்றைம்பது வருஷம் சோழப் பேரரசின் தலைநகரமாக இருந்த ஊர் இது. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்று இங்கேயும் பெயர்கள் அழியவில்லை. தொல்பொருள் இலாகாவார் 1980ஆம் வருஷத்துக்குப் பின்னும், மறுபடி 2021 முதலும் தோண்டியதில் அகன்ற செங்கல் சுவர்களின் அடிவரிசை, மரத்தூணைத் தாங்கிய கருங்கல் பீடம், கூரை ஓடுகள், இரும்பாணிகள், சீன தேசத்துப் பீங்கான் துண்டுகள் முதலியன வெளிப்பட்டன. உலகத்தின் பாதிக் கடலில் கப்பல் விட்ட ஒரு ராஜ்யத்தின் அரண்மனை, முழங்கால் உயரச் சுவராக வெயிலில் கிடக்கிறது. மேலே எழும்பியிருந்த சுவர் எங்கே? “செங்கல்லெல்லாம் மண்ணாகிவிட்டதா?” என்றாள் மகள்.

என் தாயார் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு, “தம்பி, நம் மாமன் வீட்டுக் கிணறு நினைவிருக்கிறதா?” என்று என்னைக் கேட்டார்.

நினைவிருக்கிறது. என் தாய்மாமன் வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு உண்டு. அதன் கைப்பிடிச் சுவர் அகலமும் கனமுமான செங்கற்களால் கட்டியது. சிறு வயதில் அதன்மேல் உட்கார்ந்து புளியங்காய் தின்றிருக்கிறேன். அதற்கு ‘அரண்மனைக் கல்’ என்று வீட்டில் பெயர். ஏதோ ஒரு சூளையின் பெயர் என்றே அந்நாளில் எண்ணியிருந்தேன். மேட்டிலிருந்து பாரவண்டியில் ஏற்றிவந்தது என்று தாயாரின் பாட்டனார் பெருமையாகச் சொல்வாராம். ஒரு வீட்டில் மட்டுமா? அந்தப் பக்கத்தில் பல வீடுகளின் அஸ்திவாரத்தில் ராஜேந்திரன் அரண்மனை இருக்கிறது. கம்பெனியார் கோயிலில் கல் எடுத்ததைப் பற்றி அரைமணி நேரம் ஆத்திரத்தோடு பிரசங்கம் செய்த நான் அப்போது வாயை மூடிக்கொண்டேன். மகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘இடித்தவர்’ என்ற பத்தியில் என்னவோ எழுதிக்கொண்டான். என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் மாமன் வீட்டில் சாப்பிட்டோம். கிணற்றைத் தூர்த்துவிடப் போவதாகச் சொன்னார். ஆழ்குழாய்க் கிணறு வந்த பிறகு அது எதற்கு? செங்கல்லை உடைத்து மாட்டுக் கொட்டகைத் தரைக்குப் போடப் போகிறாராம். அவர் மேல் குற்றமில்லை. அவருக்கு அது கல்; நமக்கும் நேற்றுவரை கல்தானே.

ஊரைவிட்டுப் போகும்போது பொன்னேரி என்று வழங்கும் சோழகங்கத்தின் கரையைப் பார்த்தோம். கங்கை வெற்றியின் நினைவாக ராஜேந்திரன் கல்தூண் நாட்டவில்லை; இந்த ஏரியை வெட்டி, இதையே தன் ஜயஸ்தம்பமாகக் கொண்டான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. வெற்றித்தூணைத் தண்ணீரால் செய்த அரசன் வேறு யார் என்று எனக்குத் தெரியவில்லை. இதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேறொரு தூண் வருகிறது.

பூம்புகாரில் அதிக நேரம் நிற்கவில்லை. கீழையூரில் 1960ஆம் வருஷத்தை ஒட்டிய அகழ்வாராய்ச்சியில் அகப்பட்ட செங்கல் படகுத்துறையும், அதில் படகு கட்டுவதற்கு நட்டிருந்த மரக்கம்பங்களும் கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. கதையில் கேட்ட நகரத்தில் கையால் தொடக்கூடியது அதுவே. மற்றதைக் கடலும் மணலும் வைத்திருக்கின்றன. ‘இடித்தவர்’ என்ற இடத்தில் மகன் ‘கடல்’ என்று எழுதினான். அதற்கு ‘எதற்காக’ என்று எழுத முடியவில்லை.

தெற்கே தரங்கம்பாடிக்கு வந்ததும் பிள்ளைகளுக்கு உற்சாகம் பிறந்தது. கடற்கரையில் உண்மையான கோட்டை! 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டென்மார்க்குக்காரர் கட்டிய டான்ஸ்போர்க். அந்தச் சமயத்தில் நாயக்கர் டேனிஷ் அரசருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதியனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. சீகன்பால்கு 1706இல் வந்திறங்கி, தமிழ் எழுத்தில் அச்சுக்கூடம் நடத்தியதும் இவ்வூரில்தான். 1845இல் டேனிஷ்காரர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லக்ஷ ரூபாய்க்குக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊரையும் ஊராரையும் சேர்த்து விற்ற கிரயம் அது. ஊராரைக் கேட்டதாகச் செய்தி இல்லை.

ஆயினும் கோட்டை நிற்கிறது. சுதந்திரத்துக்குப் பின் 1978 வரை பிரயாணிகள் தங்கும் பங்களாவாக இருந்தது. பிறகு தொல்பொருள் இலாகாவுக்கு வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டேனிஷ்காரர்களின் உதவியும் சேர்ந்து பழுது பார்க்கப்பட்டது. விற்றுவிட்டுப் போய் நூற்றைம்பது வருஷம் கழித்தும், தம் பாட்டன்மார் கட்டிய சுவரைக் கவனிக்க அந்தச் சிறு தேசத்தார் கடல் கடந்து வந்தார்கள்! அக்கோட்டைக்கு அருகிலேயே 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி அலைக்கு இரையாயிற்று. கோட்டையைக் கட்டியவர்கள் அந்நியர் என்பதால் அதைப் பழிப்பதில் பயனில்லை. அந்நியர்களிடம் படிக்கத்தக்கது ஏதேனும் உண்டானால், இந்த ஞாபகம் ஒன்றைப் படிக்கலாம்.

நாகப்பட்டினத்தில் கதை தலைகீழ். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜயத்து அரசர் இங்கே சூடாமணி விஹாரம் எடுத்தார். சைவனாகிய ராஜராஜன் அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அந்தச் சாசனத்தின் செப்பேடுகள் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால், ‘லெய்டன் பட்டயங்கள்’ என்றே உலகம் அவற்றை அறியும். மாலுமிகளுக்கு அடையாளமாகக் கடற்கரையில் நின்ற பழைய செங்கல் கோபுரம் ஒன்று 1867 வரை இருந்தது. அதைச் சேசு சபைப் பாதிரிமார் சர்க்கார் அனுமதியோடு இடித்துத் தங்கள் கட்டடத்துக்கு உபயோகித்தார்கள். பூமிக்குள்ளிருந்து 1856 முதல் அகப்பட்ட புத்த விக்கிரகங்கள் முந்நூற்றுக்கு மேல். அவற்றில் பல சென்னைப் பொருட்காட்சிச்சாலையில் உள்ளன. இடித்த பாதிரிமாரும், 1658இல் வந்து 1781 வரை ஆண்ட டச்சுக்காரரும் போய்விட்டார்கள். டச்சுக் கோட்டையையும் காணோம். கடைத்தெருவில் வழி விசாரித்தால், இந்த விஷயங்களில் ஒன்றையேனும் அறிந்தவர் நாங்கள் கேட்ட ஐந்து பேரில் ஒருவருமில்லை.

மூன்றாம் நாள் வேதாரணியம் வழியாகத் திரும்பினோம். அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக ஸ்தூபியின் அருகே இறங்கினோம். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜியோடு திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள், நாங்கள் மோட்டாரில் வந்த இதே டெல்டாவை நடந்தே கடந்து, அம்மாத இறுதியில் இங்கே உப்பள்ளினார்கள். அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டணங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்லும் கதை. 1836இல் தண்டிக்கப்பட்டவர்களின் பேரன்மார் காலத்தில் உத்தரவுக்கு மதிப்பு அவ்வளவுதான்!

அங்கிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாக மல்லிப்பட்டினம் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் சொன்ன வேறொரு தூண் இதுதான்: மனோரா. அறுகோண வடிவில் எட்டு அடுக்கு, சுற்றிலும் மதிலும் அகழியும். 1814–15இல் இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பியது. கடற்காற்றில் அதன் அழகை மறுப்பதற்கில்லை. பாட்டியும் பேத்தியும் படியில் உட்கார்ந்து பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“இதை எதற்குக் கட்டினார்கள், அப்பாயி?”

“உன் அப்பாவைக் கேள்.”

“நெப்போலியனை இங்கிலீஷ்காரர் ஜெயித்ததற்காக, அம்மா” என்றேன்.

“அந்த நெப்போலியன் நமக்கு என்ன செய்தான்?”

“ஒன்றும் செய்யவில்லை.”

“ஜெயித்தவன்?”

நான் சிறிது நேரம் பேசவில்லை. 1799இல் செய்த உடன்படிக்கையின்படி, சரபோஜி நாட்டின் நிர்வாகம் முழுவதையும் கம்பெனியிடம் ஒப்புவித்துவிட்டு, தஞ்சைக் கோட்டையோடும், வருஷத்துக்கு ஒரு லக்ஷம் வராகனோடும், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கோடும் நின்றார். நாட்டை இழந்த மன்னர், நாட்டைக் கொண்டவனுடைய வெற்றிக்குத் தூண் கட்டினார். 1855இல் அந்த வம்சத்துக்கு மிச்சமிருந்த அரச பதவியையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. சரபோஜியைச் சிறுமைப்படுத்த நான் விரும்பவில்லை. சரஸ்வதி மஹாலில் அவர் சேர்த்த ஏடுகளுக்காகத் தமிழ்நாடு என்றும் அவருக்குக் கடமைப்பட்டது. ஆனால் பொன்னேரியைப் பார்த்த மறுநாளே மனோராவைப் பார்க்க நேர்ந்தவனுக்கு, இரண்டு தூண்களையும் மனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் இருக்க முடியாது.

மகன் நோட்டைப் புரட்டி, “இதை யாரும் இடிக்கவில்லையே, அப்பா” என்றான். வாஸ்தவம். மூன்று நாளில் பார்த்தவற்றுள் மிகவும் முழுமையாக நிற்பவை கோயில்கள் நீங்கலாக இரண்டே: அந்நியன் கட்டிய கோட்டை ஒன்று, அந்நியன் வெற்றிக்குக் கட்டிய கோபுரம் ஒன்று.

இது விஷயமாகச் செய்யக்கூடியவை எனக்குத் தோன்றிய அளவில் பெரிய காரியங்கள் அல்ல. அணைக்கரையில் பாலத்தோரம், இந்த அணையின் கற்கள் எங்கிருந்து வந்தன, அவற்றை எடுக்கவிடாமல் தடுத்தவர்கள் யார் என்று தமிழில் ஒரு பலகை நாட்டலாம். நாங்கள் நின்ற இடத்தில் அப்படியொன்று கண்ணில் படவில்லை. மாளிகைமேட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்தெந்த வீட்டில், எந்தக் கிணற்றில், எந்தத் திண்ணையில் பழஞ்செங்கல் இருக்கிறதென்று அவ்வூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டே ஒரு ஜாபிதா எடுக்கலாம். யாருடைய திண்ணையையும் பெயர்க்க வேண்டியதில்லை. தானாக இடிபடும்போது குப்பைக்குப் போகாமல் இருந்தால் போதும். கங்கைகொண்ட சோழபுரத்திலேயே தொல்பொருள் இலாகாவின் காட்சிக்கூடம் இருக்கிறது. கல்லூரி மாணவர் சங்கங்களும் தேசத் தொண்டில் ஊக்கமுள்ள நண்பர்களும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் ஆகக்கூடிய வேலை.

பட்டுக்கோட்டையில் இரவுப் பலகாரத்துக்காக நின்றபோது என் தாயார் கைபேசியை வாங்கித் தம் தம்பியிடம் பேசினார். “அந்தக் கிணற்றுக் கல்லை உடைக்காதே. ஒன்றுகூட உடைக்காதே. பிள்ளைகள் வந்து எண்ணப் போகிறார்கள்” என்றார். மறுமுனையில் மாமன் ஏதோ கேட்டார். “எதற்கா? எடுத்தது நாம்தானே, கணக்காவது சொல்ல வேண்டாமா?” என்று சொல்லிவிட்டு, கைபேசியை என்னிடம் கொடுத்தார். மாமன் ஞாயிற்றுக்கிழமை வரையில் பொறுப்பதாகச் சொன்னார். மகன் அளவு நாடா வாங்கி வைத்திருக்கிறான்.